ஊருக்குப் பெயர் கொடுத்த வண்ண நாற்காலி

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் வடமேற்கு மலைப்பகுதியில் ரிவர்டன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பார்மிங்டன் ஆற்றின் மேற்குக் கிளையும் ஸ்டில் என்ற சிறு ஆறும் கூடுகிற இடம் அது. ஒரு தேவாலயம், பழைய பயணியர் விடுதி, சில கடைகள், பாலம், அவ்வளவுதான் ஊர். ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் இங்கு விவசாயக் கண்காட்சி நடப்பது வழக்கம். மாடும் காய்கறியும் பரிசுக்கு வந்து நிற்கும்.

இந்த ஊருக்கு முன்பு வேறு பெயர் இருந்தது. ஹிட்ச்காக்ஸ்வில் என்று அழைத்தார்கள். மன்னர் பெயரோ தளபதி பெயரோ அல்ல. நாற்காலி செய்த ஒரு தச்சரின் பெயர். கறுப்புப் பூச்சின் மேல் பொன்னிறத்தில் பழமும் இலையும் தீட்டிய அந்த நாற்காலி, ஒரு காலத்தில் அமெரிக்கக் குடியானவர் வீடுகளில் ஏராளமாக இருந்தது. 200 ஆண்டு கடந்த பின்னும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்த நிறுவனமோ ஒருமுறை கடனில் மூழ்கி, பிறகு அடியோடு மறைந்து, நூறு ஆண்டுக்குப் பின் உயிர் பெற்று, மறுபடி மூடப்பட்டு, மறுபடி திறந்த கதையை உடையது.

கல் விளையும் பூமி

இந்த மலைப்பகுதி உழவுக்கு ஏற்ற பூமி அல்ல. பனியுகத்தில் நகர்ந்து போன பனிப்பாறைகள் விட்டுச் சென்ற கற்கள் நிலமெங்கும் கிடந்தன. உழவர்கள் கல்லைப் பொறுக்கி வரப்போரம் அடுக்கினார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் மண் உறைந்து இளகும்போது, புதைந்து கிடந்த கற்கள் மேலே வந்தன. மறுபடி பொறுக்கினார்கள். அப்படி அடுக்கிய கல்வேலிகள் இன்றைக்கும் காட்டுக்குள் நீளமாக ஓடுகின்றன. அங்கே ஒரு காலத்தில் வயல் இருந்ததற்கு அவையே சாட்சி.

போதாக்குறைக்கு 1816-ஆம் ஆண்டு வந்தது. அதற்கு முந்திய ஆண்டு இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசும் புகையும் வானத்தில் பரவி வெயிலை மறைத்தன. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஜூன் மாதத்திலும் ஜூலை மாதத்திலும் ஆகஸ்டு மாதத்திலும் உறைபனி விழுந்தது. மக்காச்சோளம் கருகியது. 'கோடை இல்லாத ஆண்டு' என்று அதற்குப் பெயரே உண்டு. நொந்து போன குடும்பங்கள் பலவும் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே ஒஹையோ பக்கம் போய்விட்டன.

இருந்தவர்கள் பிழைப்புக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. மலையில் மரம் இருந்தது. பள்ளத்தில் தண்ணீர் விழுந்தது. தண்ணீர் விழும் இடத்தில் சக்கரம் போட்டால் வாளும் சுழலும், கடைசல் பட்டறையும் சுழலும். இந்த வித்தையை அதே மாநிலத்தில் ஏலி டெர்ரி என்ற கடிகாரக்காரர் செய்து காட்டியிருந்தார். 1807-ல் 4,000 கடிகாரங்களை மூன்றே ஆண்டுகளில் முடித்துத் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்டு, சக்கரங்களை மரத்திலேயே, ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தும்படி, தண்ணீர் விசையால் செய்து சொன்னபடி கொடுத்தார். அதுவரை கடிகாரம் பணக்காரர் வீட்டுப் பொருள். அதன் பிறகு உழவர் வீட்டுச் சுவரிலும் மணி அடித்தது.

கடிகாரத்துக்குச் செய்ததை நாற்காலிக்கும் செய்யலாம் என்று எண்ணியவர்தான் லாம்பர்ட் ஹிட்ச்காக்.

விறகுக் கட்டுபோல நாற்காலி

ஹிட்ச்காக் 1795-ல் கனெக்டிகட்டின் செஷயர் ஊரில் பிறந்தவர். லிட்ச்பீல்டு நகரில் சைலஸ் செனி என்ற தச்சரின் பட்டறையில் வேலை செய்து தொழில் பழகினார். 1818-ல், 23 வயதில், பார்க்காம்ஸ்டெட் வட்டாரத்தில் ஆறுகள் கூடும் அந்த இடத்துக்கு வந்து, ஒரு மரம் அறுக்கும் ஆலையின் ஒரு பகுதியில் கடைசல் வேலையைத் தொடங்கினார்.

முதலில் அவர் முழு நாற்காலி செய்யவில்லை. கால், குறுக்குச் சட்டம், சாய்மானம் என்று தனித்தனி உறுப்புகளை மட்டுமே செய்தார். காரணம் எளிது. முழு நாற்காலியை வண்டியில் ஏற்றினால் பாதி வண்டிக்குக் காற்றைத்தான் ஏற்றி அனுப்புகிறோம். உறுப்புகளாக அனுப்பினால் விறகுக் கட்டுபோல நெருக்கி அடுக்கலாம். தென்கோடியில் உள்ள சார்ல்ஸ்டன் துறைமுகம் வரை அவருடைய கட்டுகள் போயின. அங்கே உள்ளவர்கள் அவற்றைப் பூட்டி விற்றார்கள்.

இப்போது பெரிய கடைகளில் பெட்டிக்குள் பிரித்து வைத்து விற்கும் மேசை நாற்காலிகளைப் புதுமை என்கிறார்கள். மலைப்பாதையில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போன நாளிலேயே ஒருவர் அதைச் செய்திருக்கிறார்.

தொழில் பெருகியது. உறுப்பு விற்பதைவிட முழு நாற்காலியாக, வண்ணம் பூசி விற்பதில் லாபம் அதிகம் என்று கண்டார். அந்த நாளில் நியூயார்க், பால்டிமோர் போன்ற நகரங்களில் வண்ணம் தீட்டிய அலங்கார நாற்காலிகளுக்கு நல்ல மவுசு. தேர்ந்த ஓவியர் கையால் தீட்டியவை, விலையும் அதிகம். அதே அழகை ஆற்றங்கரை ஆலையில், குடியானவர் வாங்கும் விலையில் செய்ய முடியுமா என்பதே ஹிட்ச்காக் எடுத்துக்கொண்ட சவால். 1826 வாக்கில் ஆற்றோரம் மூன்று மாடிச் செங்கல் தொழிற்சாலை எழுந்தது. உச்சியில் சிறு கூண்டுக் கோபுரமும் வைத்துக் கட்டினார். 100 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். ஆண்டுக்கு 15,000 நாற்காலி என்பது அதன் உற்பத்தியாகச் சொல்லப்படும் கணக்கு. வேலை நாள் 300 என்று வைத்தால் நாளொன்றுக்கு 50 நாற்காலி! ஒரு தச்சர் தனியாக உட்கார்ந்து ஒன்று செய்து முடிக்கச் சில நாள் பிடித்த காலம் அது.

தொழிற்சாலையைச் சுற்றி வீடுகள் வந்தன. ஊரும் ஹிட்ச்காக்ஸ்வில் ஆயிற்று.

காட்டு மரமும் குளத்துக் கோரையும்

இந்த நாற்காலிக்கு வேண்டிய மூலப்பொருள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து நிலத்திலிருந்தே வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கால்களுக்கு மேப்பிள், பிர்ச் போன்ற மரங்கள். இவை இறுகிய இழை உடையவை. கடைசலில் பிசிறடிக்காமல் வழவழப்பாக வரும். சாய்மானத்தின் பின்கால்களை ஆவியில் வேகவைத்து வளைத்தார்கள். வளைந்த மரத்தைச் சட்டத்தில் மாட்டி உலர விட்டால் அந்த வளைவு நிலைத்துவிடும்.

மரத்தைப் பூட்டுவதில் நாற்காலித் தச்சர்களுக்கு ஒரு பழைய நுணுக்கம் உண்டு. குறுக்குச் சட்டங்களை நன்றாகக் காயவைத்துக்கொள்வார்கள். கால் மரத்தில் மட்டும் சற்று ஈரம் மீதி இருக்கும். காய்ந்த கழுந்தை ஈரமான காலின் துளையில் அடித்து இறக்குவார்கள். பிறகு கால் காயக் காய அந்தத் துளை சுருங்கிக் கழுந்தைக் கவ்விக்கொள்ளும். கழுந்து, காலின் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் பருக்கும். ஆணி எதற்கு?

இருக்கைக்குப் பலகை போடுவதும் உண்டு. பிரம்பு பின்னுவதும் உண்டு. ஆனால் ஹிட்ச்காக் நாற்காலி என்றால் கோரை பின்னிய இருக்கைதான் பலருக்கும் நினைவு வரும். தமிழ்நாட்டில் குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஆளுயரம் வளர்ந்து, பழுப்பு நிறக் கதிரைத் தூக்கி நிற்குமே சம்பு, அதன் இனத்தைச் சேர்ந்த செடியின் இலையை நியூ இங்கிலாந்துப் பகுதி நாற்காலிப் பின்னல்காரர்கள் பயன்படுத்தினார்கள். இங்கே அதைக் களை என்று தூர் வாரிக் கொட்டுகிறோம்.

கோரை அறுப்பதற்குப் பருவம் உண்டு. கோடை முடியும் தறுவாயில், இலை நுனி பழுப்பாகத் தொடங்கும்போது அறுக்க வேண்டும். அதற்கு முன் அறுத்தால் இலை சுருங்கிச் சொத்தையாகும். பனி விழுந்த பின் அறுத்தால் நொறுங்கும். கதிர் விட்ட தூரை விட்டுவிட்டு, கதிர் விடாத தூரின் நீண்ட இலைகளையே பொறுக்குவார்கள். நிழலில் பரப்பி, பூஞ்சணம் பிடிக்காமல் காற்றாட இரண்டு மூன்று வாரம் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்து மொரமொரப்பாகிவிடும்.

பின்னுவதற்கு முன் மறுபடி நனைத்துக்கொள்வார்கள். இரண்டு இலைகளைச் சேர்த்து, உள்ளே இருக்கும் காற்றும் நீரும் வெளியேற அழுத்தி உருவி, முறுக்கிக் கயிறாக்கிக்கொண்டே பின்னுவார்கள். நான்கு மூலையிலிருந்து தொடங்கி நடுவை நோக்கி வரும் பின்னல் அது. முடியும்போது இருக்கையில் நான்கு முக்கோணங்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். மேலும் கீழும் உள்ள பின்னலுக்கு நடுவே இடைவெளி விழும் அல்லவா? அதில் உடைந்த இலைத் துண்டுகளைத் திணித்துவிடுவார்கள். மெத்தென்று இருக்கும்; பின்னலும் சீக்கிரம் தேயாது. கோரையின் துண்டுகூட வீணாகவில்லை.

விரல் நுனியில் பழக்கூடை

இனி வண்ணத்துக்கு வருவோம். நாற்காலியின் பெயர் நிலைத்தது இதனால்தான்.

மரம் சாதாரண மரம். அதை அப்படியே விட்டால் சந்தையில் நிற்காது. முதலில் சிவப்பு அடிப்பூச்சு. அது காய்ந்ததும் மேலே கறுப்புப் பூச்சு. கறுப்பு முழுதாக உலருமுன் அதைக் கொஞ்சம் வழித்து இழுத்தால் கீழே உள்ள சிவப்பு ரேகை ரேகையாகத் தெரியும். விலை உயர்ந்த கருங்காலி, நூக்க மரம் போன்ற தோற்றம் வந்துவிடும். இது ஏமாற்று வேலையா என்று கேட்டால், வாங்கியவர் எவரும் அதை நூக்க மரம் என்று நம்பி வாங்கவில்லை. விலை அப்படி!

அதன் மேல் வார்னிஷ். வார்னிஷ் முழுவதும் காய்வதற்கு முன், விரல் வைத்தால் லேசாக ஒட்டுகிற பதம் ஒன்று வரும். அந்தப் பதத்தில்தான் ஓவிய வேலை. பழம், இலை, கூடை என்று வடிவம் வெட்டிய தாள்களைச் சாய்மானத்தின் மேல் வைத்து, மென்தோலிலோ வெல்வெட்டுத் துணியிலோ வெண்கலப் பொடியைத் தொட்டுத் தேய்ப்பார்கள். பொடி, ஒட்டுப் பதத்தில் உள்ள வார்னிஷில் பற்றிக்கொள்ளும். தாளை எடுத்தால் பொன்னிறத்தில் பழம் தெரியும்.

ஒரே தாளில் முழுப் படத்தையும் வெட்டிவிடுவது மலிவான வழி. தொடக்க கால நாற்காலிகளில் அப்படிச் செய்யவில்லை. திராட்சைக் குலைக்கு ஒரு தாள், பீச் பழத்துக்கு ஒரு தாள், இலைக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் படத்தைக் கூட்டினார்கள். பழத்தின் ஓரத்தில் பொடியை அழுத்தித் தேய்த்து, நடுவுக்கு வர வர விரலைத் தளர்த்தினால் வெளிச்சமும் நிழலும் தானாக அமையும். பழம் உருண்டையாகத் தெரியும். இது கையில் இருக்க வேண்டிய பக்குவம். தாள் வெட்டிக் கொடுத்தாலும் எல்லோருக்கும் வராது. பிறகு கடைசலின் வளையங்களுக்குப் பொன் பட்டை, சட்டங்களுக்கு மஞ்சள் கோடு, எல்லாவற்றுக்கும் மேலே காப்பு வார்னிஷ்.

இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். சிவப்பு அடிப்பூச்சு பூசுவது சிறுவர்களின் வேலை. உழவர் குடும்பத்துப் பெண்கள் வீட்டு வேலைக்கு வெளியே சம்பளம் பார்த்த முதல் இடங்களில் இப்படிப்பட்ட ஆலைகளும் சேரும். அந்தப் பெண்கள் தீட்டிய படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நாற்காலியின் இருக்கைக்குப் பின்புற விளிம்பில் எழுதப்பட்டிருப்பதோ முதலாளியின் பெயர் மட்டுமே: 'எல். ஹிட்ச்காக், ஹிட்ச்காக்ஸ்வில், கனெக்டிகட். உத்தரவாதம் உண்டு.' பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகளை வண்ணப் பட்டறையில் வைத்ததை அந்தக் காலத்தில் யாரும் குறையாக நினைக்கவில்லை. இன்று அதை ஒப்ப முடியாது.

சுமார் ஒன்றரை டாலருக்கு ஒரு நாற்காலி. பொருளின் மேல் ஊர், பேர், உத்தரவாதம் மூன்றையும் பொறித்து விற்றது அந்த நாளில் எல்லோரும் செய்கிற காரியம் அல்ல. ஒடிந்தால் யாரைக் கேட்பது என்று வாங்குகிறவருக்குத் தெரியும். உழவர் வீடுகளுக்கு இது பெரிய தைரியம்.

மஞ்சள் கடுதாசி

செய்வதில் ஜெயித்தவர் விற்பதில் தடுமாறினார். ஹிட்ச்காக்ஸ்வில் அருகே கால்வாயும் இல்லை, பெரிய சாலையும் இல்லை. நாற்காலிகளை வண்டியில் ஏற்றி, மேடு பள்ளமான மலைப்பாதையில் ஹார்ட்போர்டு நகரத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்துதான் ஆற்று வழியே வெளியூருக்கு அனுப்ப வேண்டும். உறுப்புகளாக அனுப்பியபோது இருந்த சிக்கனம், முழு நாற்காலியாக அனுப்பத் தொடங்கியதும் போய்விட்டது.

அதைவிடப் பெரிய சங்கடம் பணம். அந்தக் காலத்துக் கிராமங்களில் ரொக்கம் அரிது. கடைக்காரர் பேரேட்டில் எழுதி வைப்பார். உழவர் அறுவடையில் தானியமாகவோ, வெண்ணெயாகவோ, மரமாகவோ, வண்டி வாடகையாகவோ கழிப்பார். நாற்காலி விற்ற வெளியூர் வியாபாரிகளும் சரக்கு விற்ற பிறகே பணம் தருவார்கள். ஆனால் வார்னிஷும் வெண்கலப் பொடியும் கடனுக்கு வாங்கியவை. தவணை தவறாமல் கேட்பார்கள். நாளுக்கு 50 நாற்காலி ஆலையை விட்டு வெளியே போகிறது. பணம் எப்போது திரும்பும் என்று தெரியாது. உற்பத்தி பெருகப் பெருக, வெளியே நிற்கும் தொகையும் பெருகியது. நெல் விளைந்தும் கையில் காசில்லாத விவசாயிக்கு இந்த நிலைமையை விளக்கத் தேவையில்லை.

1829-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஹிட்ச்காக் கைதூக்கிவிட்டார். நம் வழக்கில் சொன்னால் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார். தொழிற்சாலை, நிலம், சரக்கு எல்லாம் கடன் கொடுத்தவர்களுக்காகப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டன.

இந்த இடத்தில் பொறுப்பாளர்கள் எடுத்த முடிவு புத்திசாலித்தனமானது. ஆலையை இழுத்து மூடி ஏலம் போட்டிருந்தால் செங்கல்லுக்கும் சக்கரத்துக்கும் என்ன விலை வந்திருக்கும்? அவர்கள் ஹிட்ச்காக்கையே வைத்துத் தொழிலை நடத்தினார்கள். நாற்காலி விற்ற பணத்தில் கடனைக் கழித்தார்கள். 1832-ல் கடன் விவகாரம் தீர்ந்து, ஆலை மறுபடி அவர் கைக்கு வந்தது. நூறு குடும்பத்துக்கு மேல் சோறு போட்ட ஆலை மூன்று ஆண்டுக் கண்டத்தைத் தாண்டியது.

இதற்கிடையே 1830-ல் அவர் யூனிஸ் ஆல்போர்டு என்ற பெண்ணை மணந்திருந்தார். அவளுடைய சகோதரர் ஆர்பா ஆல்போர்டு ஆலையிலேயே இருந்தவர், கணக்கு வழக்கில் கெட்டிக்காரர். மச்சினரும் மாப்பிள்ளையும் கூட்டுச் சேர்ந்தார்கள். 1832 முதல் நாற்காலியின் பின்விளிம்பில் 'ஹிட்ச்காக், ஆல்போர்டு கம்பெனி' என்ற பெயர் வந்தது. மைத்துனர் ஆலையைக் கவனிக்க, ஹிட்ச்காக் வெளியூர் விற்பனையைக் கவனித்தார். ஹார்ட்போர்டில் கடையும் திறந்தார்கள். மாநிலச் சட்டமன்றத்துக்கும் அவர் உறுப்பினராகப் போனார்.

யூனிஸ் 1835-ல் இறந்துவிட்டாள். கூட்டு அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் நீடித்தது.

கால்வாயை நம்பியவர்

1840களின் தொடக்கத்தில் ஹிட்ச்காக் கூட்டிலிருந்து பிரிந்து, ஆற்றில் கீழே உள்ள யூனியன்வில் என்ற இடத்துக்குப் போய்ப் புது ஆலை வைத்தார். ஏன் அங்கே? பார்மிங்டன் கால்வாயின் வழி அங்கே இருந்தது. மலைப்பாதையில் வண்டியடித்துப் பட்ட பாடு போதும், இனிச் சரக்கு தண்ணீரிலேயே போகட்டும் என்று எண்ணினார். நியாயமான கணக்குதான். ஆனால் காலம் பிந்திய கணக்கு. கால்வாய் கரை உடைவதும் வறண்டு போவதுமாக நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 1840களின் முடிவுக்குள் கால்வாயைக் கைவிட்டு, அதன் வழித்தடத்தை ஒட்டி ரயில் பாதை போட்டார்கள்.

1852-ல் ஹிட்ச்காக் காலமானார். பெரிய சொத்து எதுவும் மிஞ்சவில்லை. அடுத்த ஆண்டு வாக்கில் பழைய ஊரில் ஆல்போர்டு சகோதரர்கள் நடத்திய நாற்காலித் தொழிலும் நின்றது. 1860களின் நடுவில் ஊருக்கு ரிவர்டன் என்று பெயர் மாற்றினார்கள். அருகில் இருந்த ஹாட்ச்கிஸ்வில் என்ற ஊருடன் குழப்பம் வருகிறது என்பது சொன்ன காரணம்.

வேடிக்கை என்னவென்றால், வண்ணம் பூசிய எளிய மரச்சாமானுக்கு மவுசு அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. 1850-ல் ஏ.ஜே. டவுனிங் என்ற தோட்டக்கலை நிபுணர் கிராமத்து வீடுகள் கட்டுவதைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். மாளிகைச் சாமானைச் சிறு வீட்டில் திணிக்காதீர்கள், மலிவான மரத்தில் இளம் நிறம் பூசிப் பூவும் கொடியும் தீட்டிய கட்டிலும் அலமாரியுமே குடிசை வீட்டுக்கு அழகு என்று அதில் எழுதினார். பாஸ்டன் நகரத் தயாரிப்பாளர் ஒருவரைப் பெயர் சொல்லிப் பாராட்டவும் செய்தார். 'குடிசைச் சாமான்' என்ற பெயரில் வண்ண மரச்சாமான்கள் பிறகு பல்லாண்டுகள் விற்றன. ஹிட்ச்காக் அந்த அலைக்கு முன்னால் வந்தவர்.

மீன் பிடிக்கப் போன இடத்தில்

மலையும் மாறியது. அந்த வட்டாரத்து மரங்கள் நாற்காலிக்கு மட்டும் வெட்டப்படவில்லை. இரும்பு உலைகளுக்குக் கரி சுடுவதற்கே பெரும்பகுதி போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொட்டையாக நின்ற மலைகள் அவை. 1920களில் பார்க்காம்ஸ்டெட் மலைகளில் பொதுமக்கள் நன்கொடையால் நிலம் வாங்கி அரசுக் காடு வளர்க்கத் தொடங்கினார்கள். இன்று போனால் ஆதிகாலக் காடு என்றே தோன்றும்.

அந்த ஆற்றில் டிரவுட் மீன் பிடிக்கப் போனவர் ஜான் டாரன்ட் கென்னி. கரையில் பாழடைந்து நின்ற செங்கல் கட்டடத்தைப் பார்த்து விசாரித்தார். பழைய நாற்காலிக் கதையைக் கேட்டார். இன்னொருவருடன் சேர்ந்து 1946-ல் ஹிட்ச்காக் நாற்காலி நிறுவனத்தை மறுபடி தொடங்கினார். பழைய நாற்காலிகளைப் பிரித்துப் பார்த்து அளவெடுத்தார்கள். பழைய படங்களைப் பார்த்துத் தாள் வெட்டினார்கள். வார்னிஷ் எந்தப் பதத்தில் இருக்கும்போது பொடி தேய்க்க வேண்டும் என்பதைப் புதிதாகக் கற்றார்கள். அதே கட்டடம், அதே கறுப்பு, அதே பழக்கூடை.

தொழில் நிமிர்ந்த வேளையில், 1955 ஆகஸ்டில் வெள்ளம் வந்தது. கானி, டயான் என்ற இரண்டு புயல்கள் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து மழையைக் கொட்டின. முதல் புயலில் மண் குடித்து நிறைந்துவிட்டது. இரண்டாவது புயலின் மழை முழுதும் ஆற்றில் ஓடிற்று. பார்மிங்டன் ஆறு ரிவர்டனுக்குள் புகுந்தது. தொழிற்சாலைக்குப் பெருத்த சேதம். சேற்றை அள்ளிக் கொட்டிவிட்டு மறுபடி நாற்காலி செய்தார்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகு ஊருக்கு மேலே ஆற்றில் அணைகள் கட்டப்பட்டன. அவற்றில் பெரியதான கோல்புரூக் அணை 1969-ல் முடிந்தது. 1994-ல் இந்த மேற்குக் கிளையின் 14 மைல் நீளம் பாதுகாக்கப்பட்ட ஆறாக மத்திய அரசால் அறிவிக்கப்பட்டது.

புதிய நிறுவனம் அறுபது ஆண்டுகள் நடந்தது. மேசை, அலமாரி, கட்டில் என்று விரித்தது; பல ஊர்களில் கடை வைத்தது. கென்னி 1971-ல் பழைய ஹிட்ச்காக்கின் கதையைப் புத்தகமாகவும் எழுதினார். பிறகு கடல் கடந்து வந்த மலிவுச் சாமான்கள் சந்தையை நிறைத்தன. கையால் பொடி தேய்த்த நாற்காலிக்குக் கொடுக்கும் விலையில், கப்பலில் வந்த சாப்பாட்டு மேசையும் நாலு நாற்காலியும் சேர்ந்து கிடைத்தால் இளம் தம்பதிகள் எதை வாங்குவார்கள்? 2006-ல் ஆலை மூடப்பட்டது. பரம்பரையாகப் படம் தீட்டிய கைகள் வேறு வேலை தேடிப் போயின.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2010-ல், பழைய சாமான்களைப் பழுது பார்ப்பதில் அனுபவம் உள்ள இருவர் நிறுவனத்தின் பெயரையும் வரைபடங்களையும் படத் தாள்களையும் வாங்கி, ரிவர்டனிலேயே சிறிய அளவில் மறுபடி ஆரம்பித்தார்கள். இம்முறை நூறு பேர் இல்லை. புது நாற்காலியோடு, பாட்டி வீட்டு நாற்காலியின் கோரை அறுந்துவிட்டது, சாய்மானத்துப் பழம் மங்கிவிட்டது என்று கொண்டு வருபவர்களுக்குச் சீர் செய்து கொடுப்பதும் அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை.

பழைய நாற்காலி எது, புதியது எது என்று கண்டுபிடிப்பது சேகரிப்பவர்களுக்குப் பெரிய விஷயம். அடையாளம் இருக்கையின் பின்விளிம்பில் இருக்கிறது. ஹிட்ச்காக்ஸ்வில் என்ற ஊர்ப் பெயரோடு ஹிட்ச்காக் பெயர் மட்டும் இருந்தால் 1832-க்கு முந்தியது. ஆல்போர்டு பெயரும் சேர்ந்திருந்தால் அதற்குப் பிந்தியது. எழுத்துகளுக்குப் பக்கத்தில் சிறு வட்டத்துக்குள் 'ஆர்' என்ற வர்த்தக முத்திரை இருந்தால், எவ்வளவு தேய்ந்து பழையதாகத் தெரிந்தாலும், அது கென்னி 1946-ல் தொடங்கியதற்குப் பின் செய்தது.